இருமினால் இங்கிலீஷ்

ஆங்கில வழிக் கல்லூரியில் மாணவர்களுக்குப் பாடம் புரியவில்லை என்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். தமிழில் சொல்லிப் புரியவைத்துவிட்டால்தான் விசாரணை. இந்த ஞானம் எனக்கு ஓர் இருமலால் கிடைத்தது.

மூலக்குளத்துப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்தச் சேர்ந்த புதிது. ஒரு வருடம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்றார்கள். வகுப்பில் தமிழ் கூடவே கூடாது என்பது முதல்வரின் உத்தரவு. (அந்த உத்தரவையே அவர் எங்களுக்குத் தமிழில்தான் விளக்கினார். இல்லாவிட்டால் எங்களுக்குச் சரியாகப் புரியாதாம்!)

என் வகுப்பில் பாதிப் பேர் பள்ளி முடியும்வரை தமிழில் படித்தவர்கள். இங்கிலீஷில் நடத்தினால் எல்லாத் தலையும் ஆடும். கேள்வி கேட்டால் எல்லாத் தலையும் குனியும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் ஓர் ஏற்பாடு செய்தேன். முதல்வர் வராந்தாவில் வந்தால் வாசலோர பெஞ்சில் இருக்கும் செல்வி இரும வேண்டும். நான் உடனே இங்கிலீஷுக்குத் தாவிவிடுவேன். (உளவுத்துறையில் இருக்க வேண்டியவள் என்று எனக்கு நினைப்பு.)

வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் கல்லூரியைப் பார்வையிட வந்த அன்று செல்விக்கு நிஜமாகவே ஜலதோஷம். இருமினாள், தாவினேன். எட்டிப் பார்த்தால் வராந்தாவில் ஈ காக்கை இல்லை. திரும்பத் தமிழ். மறுபடி இருமல். “ஐஸ் உருகிட்டு இருக்கும்போது... தி டெம்பரேச்சர் ரிமெய்ன்ஸ்...” பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இனி இந்த இருமலை நம்புவதில்லை என்று முடிவு செய்தேன்.

“கனகசெட்டிக்குளத்துல மீன் பெட்டில ஐஸ் போடறாங்க இல்ல? அது உருகி முடியற வரைக்கும் பெட்டில இருக்கற தண்ணி ஏன் சூடாவ மாட்டேங்குது?”

செல்வி இருமினாள். பலமாக இருமினாள். நான் மீன் பெட்டியை விடவில்லை.

“உள்ள போற சூடெல்லாம் ஐஸை உருக்கறதுக்கே செலவாயிடுது! அதான் உள்ளுறை வெப்பம்!”

வாசலில் முதல்வர். பக்கத்தில் அந்தப் பேராசிரியர்.

“இன்னாம்மா இது, காலேஜா, மீன் மார்க்கெட்டா?” என்று கத்தினார் முதல்வர். தமிழில்தான்.

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் செல்வி எழுந்தாள். “மேடம் மேல தப்பில்ல சார். நான் கரெக்டாதான் இருமுனேன். அவங்கதான் நம்பல.”

வருடம் முடிந்ததும் என்னை அனுப்பிவிட்டார்கள். தேர்வில் உள்ளுறை வெப்பம் பற்றிய கேள்விக்கு அந்த வகுப்பே சரியாக எழுதியிருந்தது. அதை ஒருவராவது கேட்டார்களா? இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

இன்றும் வீட்டில் நான் கணவரைத் திட்டத் தொடங்கினால் போதும், மகள் இருமுவாள். நான் இங்கிலீஷுக்கு மாற வேண்டுமாம்.

போன வாரம் செல்வி போன் செய்தாள். தட்டாஞ்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறாளாம்.

“இங்கயும் தமிழ் பேசக் கூடாதாம் மேடம். இருமல்லாம் வேலைக்கு ஆவாது. கிளாசுக்குள்ளயே கேமரா வச்சிட்டாங்க.”

“அப்ப உள்ளுறை வெப்பத்த எப்படி நடத்தற?”

“மீன் பெட்டிதான் மேடம். கேமராவுக்கு முதுகக் காட்டிட்டு சொல்றேன்.”