பார்வையாளர் மாடத்தில் நான் தட்டிய தட்டு

விதிமுறைகளை ஊருக்கெல்லாம் சொல்லித் தருகிறவர்தான் அவற்றை முதலில் மீறுவார். இது என் சொந்த ஆராய்ச்சி. ஆராயப்பட்டவளும் நானே.

நான் வழக்கறிஞர். வரி விதிகளை மாற்றக் கோரி அரசுக்கு மனு தயாரிப்பது என் வேலை. முதல் மனு, காஞ்சிபுரம் சாயப்பட்டறைக்காரர்களுக்காக. பட்டு நூலுக்குச் சாயம் போடும் கூலி மீதான வரியைக் குறைக்கும்படி ஜி.எஸ்.டி. கவுன்சிலில் நம் மாநிலம் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டறையை மூடிவிடுவதென்று சங்கத் தலைவரான என் மாமா முடிவு செய்திருந்தார். எங்கள் தொகுதி உறுப்பினர் சட்டமன்றத்தில் பேச ஒப்புக்கொண்டார்.

மாமாவையும் அத்தையையும் பார்வையாளர் மாடத்துக்கு அழைத்துப்போனேன். பேருந்து வாலாஜாபாத் தாண்டும்வரை வகுப்பெடுத்தேன். ஒன்று, பேசக் கூடாது. இரண்டு, கால்மேல் கால் போடக் கூடாது. மூன்று, என்ன நடந்தாலும் கை தட்டக் கூடாது.

"தும்மலாமா, இல்ல அதுக்கும் மனு போடணுமா?" என்றார் அத்தை.

"நீ வாய மூடிக்கினு வா. பாப்பா சொல்லுதில்ல?" என்றார் மாமா.

உள்ளே போனதும் எனக்குப் பேச்சே வரவில்லை (முதல் விதி தானாக நிறைவேறியது). நான் மனப்பாடம் செய்த சட்டமெல்லாம் இங்கேதான் யாரோ எழுந்து பேசிப் பிறந்திருக்கிறது. எங்கள் உறுப்பினர் எழுந்தார். "சாயத்துக்கும் வரி, அதை நூலில் ஏற்றும் கைக்கும் வரியா?" என்று கேட்டார். எங்கள் சமையலறையில், குக்கர் சத்தத்துக்கு நடுவே நான் எழுதிய வாக்கியம். அந்தப் பெரிய மண்டபத்தில் அது என்னுடையது மாதிரியே இல்லை. உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள்.

நானும் தட்டினேன். எனக்கு மேசை இல்லாததால் முன்னாலிருந்த மரக் கைப்பிடியை, இரண்டு கைகளாலும்.

அவைக் காவலர் குனிந்து, "வெளிய வாங்கம்மா" என்றார், மிக மரியாதையாக. அத்தை கைகட்டி, நேராகப் பார்த்தபடி இருந்தார். என்னைத் தெரிந்தவர் மாதிரியே இல்லை.

அமைச்சர் பதில் சொல்லும்போது நான் தாழ்வாரத்துப் பெஞ்சில் இருந்தேன். கதவுக்குப் பின்னால் மறுபடி மேசைகள் அதிர்ந்தன. சம்மதத்துக்கும் தட்டுவார்கள், சாமர்த்தியமாக மறுத்தாலும் தட்டுவார்கள்.

மாமா வெளியே வந்தார். கண் கலங்கியிருந்தது. "கவுன்சில்ல கேக்கறேன்னுட்டாரும்மா. நீ எழுதினதையே திருப்பிச் சொன்னாரு."

"பட்டறை?"

"நாளைக்கு சாயம் காய்ச்ச அடுப்பு பத்த வெக்கணும்."

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றார் அத்தை. "மூணாவது என்னாமா சொன்ன? மறந்துட்டேன்."

அதன்பின் எத்தனையோ மனுக்கள் எழுதிவிட்டேன். அந்த மாடத்தில் இன்றும் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன். வீட்டில் குழம்பு நன்றாக இருந்தால் மாமா மேசையைத் தட்டுவார். உடனே அத்தை என்னைப் பார்த்து, வாசலைக் காட்டி, "வெளிய வாங்கம்மா" என்பார்.