பெட்ஷீட் விஷயத்தில் நானே எடுத்த முடிவு

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, மகள் மூவரும் சௌக்கியம். குளியலறைக் கதவு மட்டும் சௌக்கியமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன். அங்கே நீயும் அத்தானும் நலம்தானே? அத்தானுக்கு முழங்கால் வலி படி ஏறும்போது மட்டும்தான் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஆரம்பித்தால் பாதியிலேயே நீ முடிவைச் சொல்லிவிடுவாய். இந்த ஒரு தடவை முடிவை நான்தான் சொல்ல வேண்டும்.

லாண்டரியில் என்னை எல்லோரும் 'பார்க்கலாம் சார்' என்று கூப்பிடுகிறார்கள், உனக்குத் தெரியாது. எனக்கே போன வருஷம்தான் தெரியும். யாராவது லீவு கேட்டால் பார்க்கலாம், சோப்புத்தூளை மாற்றலாமா என்றால் பார்க்கலாம், கட்டடம் தீப்பிடித்தால்கூட நான் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன் என்று பாய்லர்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். போன விடுமுறையில் மாணவர் விடுதி ஒன்றின் திரைச்சீலைகள் நூற்றெண்பது வந்தன. வெந்நீரில் போடுவதா, பச்சைத் தண்ணீரில் போடுவதா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் விடுமுறை முடிந்து பையன்கள் வந்துவிட்டார்கள். இரண்டு வாரம் அவர்கள் விளக்கை அணைத்துவிட்டுத்தான் சட்டை மாற்றினார்களாம். அந்த ஒப்பந்தம் போயிற்று. முதலாளி கூப்பிட்டார். "தப்பா ஒரு முடிவு எடுத்திருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். நீங்கதான் எடுக்கவே இல்லையே!" என்றார். மேலாளர்கள் நல்ல முடிவெடுக்க மூன்று நாள் பயிற்சி நடக்கிறதாம், போய்விட்டு வாருங்கள், வந்தும் இப்படியே இருந்தால் பொத்தான் தைக்கிற பிரிவுக்கு மாற்றிவிடுகிறேன், அங்கே முடிவெடுக்க ஒன்றுமே இருக்காது என்றார். அக்கா, ஒரு நிமிஷம் எனக்கு அது நல்ல இடமாகத்தான் தோன்றியது.

திங்கட்கிழமை போனேன். வாடகைக் கூடம், இருபது மேலாளர்கள், சுவரில் பெரிய கடிகாரம். பயிற்சி கொடுத்த அம்மாவுக்கு நம் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும், ஆனால் குரல் உன் குரல். உள்ளே நுழைந்ததும் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள், சைவம், அசைவம் இரண்டு கட்டம். நான் இரண்டிலும் டிக் அடித்தேன். பக்கத்தில் ஓர் ஓட்டல் மேனேஜர், அவர் கையில் முதலில் கிடைத்த தாளைப் படிக்காமலே டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டார். அது சாப்பாட்டுத் தாள் இல்லை, கடைசி நாள் கொடுக்க வேண்டிய 'பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது' தாள். அந்த அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒருத்தர் யோசிச்சுக்கிட்டே இருக்கார், ஒருத்தர் யோசிக்கிறதே இல்லை. நீங்க ரெண்டு பேரும் ஜோடி" என்று மேசையை ஒட்டிப் போட்டுவிட்டார். அந்த ஓட்டலும் எங்கள் லாண்டரியில்தான் துணி போடுகிறது என்பது சாப்பாட்டு வேளையில்தான் தெரிந்தது. எனக்கு இரண்டு பொட்டலம் வந்தது, அவருக்கு ஒன்றும் வரவில்லை, ஒன்றை அவரிடம் கொடுத்தேன். அப்படிச் சிநேகமானோம்.

சொல்லிக்கொடுத்தது என்னவோ நல்ல விஷயம்தான். என்ன தெரியும், என்ன தெரியாது என்று எழுதிக்கொள். உன்னைவிட அந்த வேலை தெரிந்தவர் யார் என்று பார்த்து அவரிடம் கேள். முடிவெடுத்ததும், அதனால் யாருக்குக் கஷ்டமோ அவருக்கு நீயே முதலில் சொல். முடிவு நல்லதா என்பதை எப்படி எடுத்தாய் என்பதை வைத்துப் பார், என்ன ஆயிற்று என்பதை வைத்து மட்டும் பார்க்காதே. ஓட்டல்காரருக்குத் தனிப் பாடம், வாயைத் திறப்பதற்கு முன் இருபது எண்ண வேண்டும். எனக்குத் தனிப் பாடம், எடுக்கப்போகிற முடிவு படுதோல்வி அடைந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று எழுத வேண்டும், எழுதி முடித்ததும் கட்டாயம் முடிவெடுத்தே ஆக வேண்டும். இதை வீட்டிலும் செய்து பார்க்கச் சொன்னார்கள். அங்கேதான் வினை.

நம் வீட்டு வாஷிங் மெஷின் ஓடி ஐந்து மாதம் ஆகிறது. "ஊர்த் துணியெல்லாம் நீங்க வெளுக்குறீங்க, வீட்டுத் துணியை நான் கையால கசக்குறேன். வெளியில சொல்லிடாதீங்க" என்பாள் உன் தம்பி பெண்டாட்டி. அன்று சாயந்திரம் உட்கார்ந்து, புது மெஷின் வாங்கினால் என்னென்ன கெடும் என்று பதினேழு காரணம் எழுதி அவளிடம் நீட்டினேன். படித்தாள். "பதினெட்டாவதா, பெண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்னு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து இரண்டு நிமிஷத்தில் ஒரு மெஷினுக்குச் சொல்லிவிட்டாள். மறுநாளே வந்துவிட்டது. என்னுடைய மூன்றாவது காரணம், குளியலறை வாசலில் நுழையாது என்பது. நுழையவில்லை. தச்சரைக் கூப்பிட்டுக் கதவையும் நிலையையும் கழற்றினோம், மெஷின் உள்ளே போயிற்று, தச்சர் இன்னும் திரும்பி வரவில்லை. இப்போது துண்டைத்தான் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறோம். உள்ளே இருப்பவர் சத்தமாகப் பாட வேண்டும் என்று வீட்டுக்குள் ஒரு சட்டம். நான் பாடியதற்கு மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை, பயிற்சி முடிந்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு பாய்லர்காரர் ஓடி வந்தார். இரண்டு பாய்லரில் ஒன்று படுத்துவிட்டது. ஆஸ்பத்திரியின் பெட்ஷீட் அறுநூறு சாயந்திரம் நாலு மணிக்குப் போக வேண்டும். என் ஜோடியின் ஓட்டல் பெட்ஷீட் நானூறு, அதுவும் நாலு மணி, அன்றைக்கு அங்கே ஒரு பெரிய கூட்டம் வந்து தங்குகிறது. இருக்கிற நீராவியில் ஒன்றைத்தான் முடிக்க முடியும். எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். நாக்கு நுனியில் அந்தப் பழைய வார்த்தை வந்து நின்றது, அக்கா. விழுங்கிவிட்டேன். நேரே ரோலர் அம்மாவிடம் போனேன். பெட்ஷீட்டைத் தேய்க்கிற பெரிய ரோலரில் பத்தொன்பது வருஷமாக நிற்கிறவர் அவர்.

"அம்மா, நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"என்னையா கேக்குறீங்க?" என்று திரும்பிப் பின்னால் பார்த்தார், அங்கே யாரும் இல்லை. "ஆஸ்பத்திரித் துணி மெல்லிசு சார், தனியாப் போட்டா மூணு மணிக்குள்ள எடுத்துடுவேன். ஓட்டல் துணி தடி. ரெண்டையும் கலந்து போடச் சொல்லுவீங்க பாருங்க, அதுலதான் நேரம் போகுது."

"இதை ஏம்மா இத்தனை வருஷம் சொல்லல?"

"யாரு சார் கேட்டீங்க?"

ஓட்டல் துணியை மொட்டைமாடியில் போடலாம், நல்ல காற்று, அரை ஈரத்தில் எடுத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தால் தேய்த்தது மாதிரியே இருக்கும், தலையணை உறையை மட்டும் கடைசியில் ரோலரில் விட்டால் போதும் என்றார். எழுதினேன், என்ன கெடும் என்று நாலே வரி எழுதினேன், பதினேழு இல்லை. ஆஸ்பத்திரிதான் முதலில், நோயாளியைக் காத்திருக்கச் சொல்ல முடியாது என்று சத்தமாகச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஆபீஸ் போனிலிருந்து ஓட்டலுக்கு நானே பேசி, நாலு மணிக்கு ஒன்றும் வராது என்று உள்ளதைச் சொன்னேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம். பிறகு, "ஒண்ணு... ரெண்டு... மூணு..." பன்னிரண்டில் கொஞ்சம் பல்லைக் கடித்தார். இருபது வந்ததும், "சரி, எத்தனை மணிக்கு எத்தனை வரும்?" என்றார். ஐந்தரைக்கு நூற்றைம்பது, ஏழுக்கு மீதி என்றேன். "வர்றவங்களை முதல்ல சாப்பிட உட்கார வச்சிடறேன். பயிற்சிக்கு முன்னாடியா இருந்தா உங்க ஒப்பந்தத்தை இப்பவே கிழிச்சிருப்பேன் சார்." "பயிற்சிக்கு முன்னாடியா இருந்தா நான் போனே பண்ணியிருக்க மாட்டேன் சார்" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம்.

சொன்னபடி மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி கிளம்பிவிட்டது. மாடியில் நாங்கள் பெட்ஷீட்டை இழுத்துக்கொண்டிருக்கும்போது முதலாளி வந்து நின்றார். "இது யாரோட முடிவு?" எல்லா விரலும் என்னைக் காட்டின. நானும் பழக்கதோஷத்தில் வேறு யாரையாவது காட்டத்தான் விரலைத் தூக்கினேன், பிறகு அப்படியே கையையே தூக்கிவிட்டேன். "வழி சொன்னது ரோலர் அம்மா, முடிவு என்னுது" என்றேன். அவர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு பெட்ஷீட்டின் மறுமுனையைப் பிடித்தார். ஏழு மணிக்குக் கடைசி வண்டி கிளம்பியது. இனிமேல் காலையில் வேலை பிரிக்கும்போது ரோலர் அம்மாவும் பக்கத்தில் இருக்க வேண்டும், மேற்பார்வையாளர் பதவியும் அவருக்கே கொடுக்க வேண்டும் என்று அங்கேயே கேட்டேன். முதலாளி சரி என்றார். பொத்தான் பிரிவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆக, உன் தம்பி ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு முடிவெடுத்து அது சரியாகவும் வந்துவிட்டது என்பதை அத்தானுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டவும். நீங்கள் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நிறைவாக இருக்க வேண்டும். எங்கள் எல்லோருடைய வணக்கமும்.

இப்படிக்கு,
இப்போது சற்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் தம்பி

பி.கு: உறையை ஒட்டப் போகும்போதுதான் என் போனில் வந்த செய்திகளைப் பார்த்தேன். பயிற்சிக் கூடத்தில் எல்லோருடைய போனையும் ஒரு கூடையில் வாங்கி வைத்திருந்தார்கள். அப்போது, புதன்கிழமை மதியமே, ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது: 'வார்டுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். திங்கட்கிழமைவரை பெட்ஷீட் தேவையில்லை. அவசரப்பட வேண்டாம்.' இறக்க இடமில்லாமல் அந்த அறுநூறும் மூட்டை மூட்டையாக ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறதாம். ஓட்டல் துணியை நாலு மணிக்கே நிம்மதியாக அனுப்பியிருக்கலாம். உடனே ஓடிப் போய் முதலாளியிடம் காட்டினேன், நாற்காலி ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு ரோலர் அம்மாவிடம் காட்டினேன். அவர் நிதானமாகப் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். "துவைச்சது துவைச்சதுதானே சார், திங்கட்கிழமை அதுலயே படுத்துக்கட்டும். அடுத்த தடவை என்னைக் கேக்குறதுக்கு முன்னாடி போனை ஒரு தடவை கேட்டுடுங்க" என்றார்.