வடையும் சிவப்புப் பேனையும்

பொறாமைக்கு யாராவது மருந்து கண்டுபிடித்தால் முதல் போத்தலை எனக்குத்தான் தரவேண்டும். சுமதியை நினைத்து எரிந்த வயிறு இன்னும் ஆறவில்லை.

கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் இருவரும் சூப்பர்வைசர்கள். அடுத்தடுத்த தையல் வரிசைகள். தையல் பிள்ளைகளை ஏற்றிவரும் தண்ணீரூற்று பஸ் பிந்தினால் நான் கத்துவேன். அவளோ வராத பிள்ளையின் மெஷினில் தானே குந்தியிருந்து தைப்பாள். அவளுடைய வரிசைப் பிள்ளைகள் தடிமன், தும்மலோடும் வேலைக்கு வருவார்கள். என்னுடையவர்களுக்கு வானம் இருட்டினாலே காய்ச்சல்.

தலைமைச் சூப்பர்வைசர் பதவி காலியான நேரம், வவுனியாவில் தலைமைத்துவப் பயிற்சிக்குப் போய் வந்தேன். (சாப்பாடு திறம்.) ஊழியர் மனதைக் கேளுங்கள் என்றார்கள். நேரே மனேஜரிடம் போனேன்.

"சேர், நல்ல லீடர் ஆரெண்டு என்ர பிள்ளையள் பேர் போடாமல் துண்டு எழுதட்டும். எல்லாருக்கும் முன்னால நானே வாசிக்கிறன்."

அதற்கு முன் ஒரு கிழமை அவர்களுக்குத் தேத்தண்ணியோடு வடை வாங்கிக் கொடுத்திருந்தேன். பார்த்து வயிறெரியட்டும் என்று சுமதியையும் கூப்பிட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் ஒரு துண்டு எழுதிப் பெட்டிக்குள் போட்டேன்.

முதல் துண்டு: 'சுமதி அக்கா.' இரண்டாவதும் சுமதி அக்கா. மனேஜர் தோளருகே நின்றதால் மாற்றி வாசிக்கவும் வழியில்லை. மூன்றாவது: 'சுமதி அக்கா. ஆனா வடை நல்லம்.'

கடைசித் துண்டில்தான் உயிர் வந்தது. "'எங்கள் ராணி அக்கா. தாயைப் போன்றவர்!'"

மனேஜர் அதை வாங்கிப் பார்த்தார். "இது மட்டும் சிவப்புப் பேனையால எழுதியிருக்கே?"

துணியில் மை பட்டுவிடும் என்று தையல் வரிசையில் பேனைக்குத் தடை. பிள்ளைகளுக்குப் பென்சில்தான், பேனை சூப்பர்வைசரிடம் மட்டும். தினமும் காலையில் பை தடவிப் பார்த்து அந்தச் சட்டத்தைக் காப்பாற்றியவளும் நானே! பிள்ளைகள் எல்லாரும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்கள்.

"பென்சில் முறிஞ்சிருக்கும் சேர். ஆரும் பிள்ளை அவவிட்ட பேனை வாங்கி எழுதியிருக்கும்" என்றாள் சுமதி. சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். இரக்கப்பட்டாள், பாவி!

பதவி அவளுக்கே போனது. இப்போது பஸ் பிந்தினால் நானும் மெஷினில் குந்துகிறேன். பிள்ளைகளும் ஒழுங்காக வருகிறார்கள். அதுதான் இன்னும் எரிகிறது.

வீட்டில் நான் வைத்த மீன்குழம்பை நானே "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும். என் மனுசன் சோற்றுக் கோப்பையிலிருந்து தலை நிமிராமல் கேட்பார்:

"உது பென்சிலோ, பேனையோ?"