வங்கி அட்டை காத்த படலம்

வாழ்க தங்கராசா! இரணைமடு வாய்க்கால் நீர் உண்ட வயல்களின் தலைவன், கள்வர்க்குக் கூற்றுவன், கடவுச்சொற்களின் காவலன், எவரையும் நம்பாப் பெருந்தகை, தன்னை மட்டும் அளவின்றி நம்பிய தனிப்பெரும் வீரன் ஆகிய அவனது புகழைப் பாட எடுத்துக்கொண்டோம். ஆனைமுகத்தோனே, இக்காவியம் இடையூறின்றி முடிய அருள்க! உன் திருப்படத்தையே சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தவனின் கதை இது என்று மனம் கோணாமல் அருள்க! ஏன் திருப்பினான் என்பதை இதோ சொல்கிறோம்.

மண்ணாண்ட மன்னர் பலர் மதில் கட்டினர். மதிலைச் சுற்றி அகழி வெட்டினர். அகழியில் முதலை விட்டனர். அவர்களெல்லாம் நாணித் தலைகுனியும்படி, நம் வீரன் தன் வங்கி அட்டையை ஈயத்தாளில் சுற்றி, ஈயத்தாளை லேஞ்சி எனும் கைக்குட்டையில் முடிந்து, லேஞ்சியைப் பால்மாத் தகரப் பேணிக்குள் அடைத்து, பேணியை விதைநெல் மூட்டைக்குள் புதைத்து, மூட்டையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, அந்தக் கட்டிலில் தானே படுத்துறங்கினான். அட்டையின் முதுகிலிருக்கும் மூன்று இலக்கங்களை அவன் வாசிக்கத் திருவுளம் கொள்ளும் வேளையில் ஜன்னல்கள் அடைபடும். நாய் முற்றத்துக்குத் துரத்தப்படும். பிள்ளையார் படம் சுவரைப் பார்த்துத் திரும்பும். அவன் தெய்வத்தைச் சந்தேகித்தான் என்று எவரும் பழிக்கவேண்டாம். படத்தின் கண்ணாடியில் இலக்கம் தெறித்து வெளியே தெரியும் என்பதே அவன் வாதம். இத்தனைக்கும் அந்த அட்டையை அவன் அதுவரை ஒருமுறைகூடப் பாவித்ததில்லை.

காவல் இதனோடு நின்றதா? நிற்கவில்லை. அட்டையால் காசு கட்டும்போது வங்கி ஓர் இரகசிய இலக்கத்தைத் தொலைபேசிக்கு அனுப்பும். அதைத் தட்டினால்தான் காசு போகும். அந்தத் தொலைபேசியையே கள்வன் பறித்துவிட்டால்? இந்த ஒரு கேள்வி அவன் நித்திரையைத் தின்றது. ஆகவே, ஏழு கடல் தாண்டிக் கிளியின் வயிற்றில் உயிரை ஒளித்துவைத்த அரக்கனைப்போல, கனடாவிலிருக்கும் தன் தம்பி திலீபனின் தொலைபேசி இலக்கத்தை வங்கியில் பதிவித்தான். அங்கு வேலைசெய்த பெண், “ஐயா, யோசிச்சுத்தானே சொல்லுறீங்கள்?” என்று கேட்டுப்பார்த்தாள். மகா புத்திசாலிகளிடம் இப்படிக் கேட்டு ஒரு பயனும் இல்லை.

அதுமட்டுமா! சென்ற வைகாசிப் பொங்கலுக்கு ஊருக்கு வந்த அந்தத் தம்பியை வற்றாப்பளை அம்மன் சன்னிதியில் நிறுத்தி, சனத்திரளின் நடுவே கற்பூரம் கொளுத்தி, கையடித்துச் சத்தியம் வாங்கினான். அன்று அவன் செய்த முழக்கம் வருமாறு:

“ஆர் கேட்டாலும் அந்த நம்பரைச் சொல்லப்படாது. நான் கேட்டாலும் சொல்லப்படாது. என்ர குரலில கேட்டாலும், என்ர முகத்தோட வந்து கேட்டாலும் சொல்லப்படாது. இப்ப குரல், முகம் எல்லாத்தையும் மெசின் செய்யுதடா தம்பி!”

அப்படியானால் அந்த இலக்கம் யாருக்குத்தான் உதவும் என்ற ஐயம் அண்ணனுக்கும் எழவில்லை, தம்பிக்கும் எழவில்லை. பக்கத்தில் அர்ச்சனைத் தட்டோடு நின்ற விமலேஸ்வரிக்கு எழுந்தது. அவள் தங்கராசாவின் மனைவி என்பதால் அவளை யாரும் கேட்கவில்லை.

இனி அந்த விமலேஸ்வரியைச் சொல்வோம். சிறுபோக அறுவடை அன்றுதான் முடிந்திருந்தது. கிழமை முழுக்க மெசின்காரருக்கும் மூட்டை ஏற்றியவர்களுக்கும் காலையில் இடியப்பம், மதியம் சோறு, பின்னேரம் தேத்தண்ணி என்று குசினிக்குள்ளேயே வெந்தவள் அவள். விளைச்சலைப் பற்றி நம் வீரன் ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தபோது, புகையில் சிவந்த கண்ணோடு பானை கழுவிக்கொண்டிருந்தவளும் அவளே. அறுவடை முடிந்த அந்தப் பின்னேரம் அவள் தலைக்கு முழுகி, அலுமாரியில் மடித்துவைத்திருந்த நல்ல சேலையை உடுத்து, விறாந்தையில் ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்து, தன் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பிரகடனம் செய்தாள்:

“இண்டைக்கு நான் அடுப்பு மூட்டமாட்டன். எனக்குக் கடைக் கோழிக் கொத்துரொட்டி வேணும். ஆராவது கொண்டு வந்து தரவேணும், நான் இருந்த இடத்தில இருந்து சாப்பிடவேணும்.”

அவள் கேட்டது அவ்வளவுதான்.

கேட்டதும் பொங்கி எழுந்தான் தங்கராசா. கிளிநொச்சி ரவுணிலுள்ள கொத்துக்கடை வீட்டுக்கே சாப்பாடு கொண்டுவந்து தரும். அலைபேசியில் கேட்டால் போதும். சாப்பாடு வந்ததும் காசை வாசலில் கொடுக்கலாம். “காசைக் கையில குடுப்பமே,” என்று விமலேஸ்வரி சொல்லியும் பார்த்தாள். வீரன் கொதித்தான். “பாங்க் காட் ஒண்டு இருக்கேக்க ஆரும் காசு குடுப்பினமே? கள்ளருக்கு இண்டைக்கு நான் ஆரெண்டு காட்டுறன்!” என்று சூளுரைத்தான். எந்தக் கள்ளருக்கு என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது.

ஜன்னல்கள் அடைபட்டன. நாய் விரட்டுண்டது. பிள்ளையார் திரும்பினார். கட்டிலடியிலிருந்து மூட்டையும், மூட்டையிலிருந்து பேணியும், பேணியிலிருந்து லேஞ்சியும், லேஞ்சியிலிருந்து ஈயத்தாளும் வெளிப்பட, உறையிலிருந்து உருவிய வாளென அட்டை மின்ன, நெற்றி வியர்வை நிலத்தில் சொட்ட, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒற்றைச் சுட்டுவிரலால் ஒவ்வோர் இலக்கமாகக் குத்திக் குத்தி, பிழைத்ததை அழித்து, அழித்ததை மறுபடி குத்தி, ஈற்றில் ‘இரகசிய இலக்கம் அனுப்பப்பட்டது’ என்ற வெற்றிச் செய்தியைக் கண்டு வீரன் ஆர்ப்பரித்தான். இலக்கமும் வஞ்சனையின்றிப் புறப்பட்டு, கடல்களைக் கடந்து, ரொறன்ரோவில் விடிகாலை வேலைக்கு வந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்த திலீபனின் கையில் போய் இறங்கியது. சில நிமிடங்களில் அது செத்துவிடும்.

வட்ஸ்அப்பில் அழைத்தான் அண்ணன். தம்பியோ சத்தியத்தில் மலையென நின்றான்.

“நீர் ஆர் கதைக்கிறது?” என்றான் திலீபன்.

“நான்தான்ரா, கொண்ணன்! நம்பரைச் சொல்லு.”

“இப்பிடித்தான் கேப்பாங்கள் எண்டு அண்ணை முதலே சொன்னவர். நாங்கள் வளத்த நாம்பன் மாட்டின்ர பேர் என்ன?”

“செவலையன்!”

“அதை அண்ணை பேஸ்புக்கில படத்தோட போட்டவர். உலகத்துக்கே தெரியும்.”

முதலாம் இலக்கம் மாண்டது. இரண்டாவதைத் தருவித்து, வீடியோவில் முகம் காட்டினான் வீரன். அடைத்த ஜன்னல்களின் இருட்டில், வியர்த்து, உடுப்புக் கலைந்து, கண் பிதுங்க நின்ற அந்த உருவத்தைப் பார்த்த திலீபன், “மெசின் வடிவாச் செய்யேல்லை. அண்ணைக்கு இவ்வளவு முழி இல்லை,” என்றான். இரண்டாம் இலக்கமும் மாண்டது.

மூன்றாம் இலக்கம் ரொறன்ரோவுக்குப் போனபோது விமலேஸ்வரியே எழுந்து வந்து தொலைபேசியை வாங்கினாள். பசி அவள் குரலிலேயே தெரிந்தது. “தம்பி, நான்தான் அண்ணி. அந்த நம்பரை ஒருக்காச் சொல்லும்.” மறுமுனை பதறியது. “ஐயோ அண்ணி! உங்களையும் பிடிச்சு வைச்சு வெருட்டுறாங்களோ? பயப்படாதேங்கோ. அம்மாள் மேல சத்தியம், நான் வாயே திறக்கமாட்டன்!”

மூன்று இலக்கங்களும் வீணாகவே, அட்டையை வங்கி முடக்கிப்போட்டது.

உண்மையைச் சொன்னால், எங்களுக்கு இந்த இடத்தில் வயிறு எரிகிறது. தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்ன சொல்லைக் காத்த பிழையைத் தவிர அவன் வேறு பிழை செய்யவில்லை. தன் வீட்டுக் கதவைத் தானே பூட்டி, திறப்பைக் கிணற்றில் போட்டுவிட்டு, ‘பார்த்தாயா என் பூட்டை’ என்று முற்றத்தில் நின்று மீசை முறுக்கும் பேர்வழியை என்னவென்று சொல்வது? மடையன் என்று எழுதினால் காவிய இலக்கணம் ஒத்துக்கொள்ளாது. ஆகவே மதிநுட்பச் செல்வன் என்று எழுதிவிட்டு மேலே போகிறோம்.

விமலேஸ்வரி தானே கடைக்கு அழைத்து, காசு கையில் தருவதாகச் சொன்னாள். கொத்துத் தகடுகளின் சத்தம் மறுமுனையில் ஓய்ந்திருந்தது. “ரொட்டி முடிஞ்சுது அக்கா. நாளைக்கு எடுங்கோவன்,” என்றார் கடைக்காரர். அவள் சரி என்று சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

அவ்வேளை வீரனின் அலைபேசி கிணுகிணுத்தது. திலீபனின் செய்தி வந்திருந்தது: ‘அண்ணை, உங்கட பேரில ஒரு கள்ளக்கூட்டம் இப்ப எடுத்தது. அண்ணியின்ர குரலையும் மெசினில செய்திருக்கிறாங்கள். நான் ஒண்டும் சொல்லேல்லை. கவலைப்படாமச் சாப்பிட்டிட்டுப் படுங்கோ.’

அதை வாசித்த தங்கராசாவின் மார்பு விரிந்தது, தோள்கள் பூரித்தன, அட்டை ஈயத்தாளுக்கும், ஈயத்தாள் லேஞ்சிக்கும், லேஞ்சி பேணிக்கும், பேணி மூட்டைக்கும் முறைப்படி மீண்டன, பிள்ளையார் மீண்டும் இவ்வுலகைப் பார்த்தார், ஜன்னல்கள் திறந்தன. திசையெட்டும் கேட்க, இரணைமடு நீர்க்காகங்கள் சிறகடித்தெழ, வாகை சூடிய அவ்வேந்தன் முழங்கினான்:

“பாத்தியோ விமலம்! என்ர பாங்க் காட்டில ஒருத்தராலும் கை வைக்கேலாது. என்னாலயே ஏலாமப் போச்சு!”

விமலேஸ்வரி விறாந்தைக் கதிரையை உள்ளே எடுத்துவைத்தாள். நல்ல சேலையைக் களைந்து மடித்து அலுமாரியில் வைத்தாள், பழையதை உடுத்தாள், முழுகிய தலையை முடிந்துகொண்டாள், குசினிக்குள் போய், அன்று மூட்டமாட்டேன் என்று சொன்ன அடுப்பை மூட்டி, மாவைக் குழைத்து, தேங்காய் துருவி, புட்டு அவித்து, சம்பல் இடித்து, கோப்பையில் போட்டு, வெற்றித் திருமகன் இருந்த இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

புட்டுக்கு உப்புக் கொஞ்சம் குறைவு என்று தங்கராசா சொன்னான்.