ஓட்டை இல்லாத வீடு

படித்தவன் தான் படித்த விஷயத்தில்தான் பெரிய முட்டாள்தனம் செய்வான் என்பது என் அனுபவம். தெரியாத விஷயம் என்றால் நாலு பேரைக் கேட்டு, பயந்து பயந்து செய்வான். நான் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரத்தில் ஐந்து வருஷம் உட்கார்ந்து தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கி, பிறகு அங்கேயே வேலையும் பார்த்தவன். ஆழமில்லாத கால்வாய்களில் தண்ணீர் எப்படி வழி கண்டுபிடித்துப் போகிறது என்பது என் தலைப்பு. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். போக வழியே இல்லாவிட்டால் தண்ணீர் என்ன செய்யும் என்பதைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அதை ஒரு சனிக்கிழமை காலையில் சொந்த வீட்டில் செலவில்லாமல் கற்றுக்கொண்டேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்து, ஊர் திரும்ப டிக்கெட்டும் வாங்கியாயிற்று. பாக்கி இருந்தது வீட்டை விற்பதுதான். ஊரின் ஓரத்தில் ஒரு வயதான அம்மாளிடமிருந்து ஏழு வருஷத்துக்கு முன் வாங்கிய சின்ன வீடு. அந்த ஊர் வழக்கப்படி அடியில் ஒரு நிலவறை உண்டு. கெல்லர் என்பார்கள். உருளைக்கிழங்கு, பழைய சைக்கிள், யாருக்கும் வேண்டாத சாமான் எல்லாம் அங்கேதான் போகும். என் ஆராய்ச்சிப் புத்தகத்தின் மிச்சப் பிரதிகள் நாற்பதும் ஒரு அட்டைப்பெட்டியில் அங்கேதான் இருந்தன. (பல்கலைக்கழகம் கேட்ட அளவுக்கு அச்சடித்தால் போதாதோ என்று கூடவே நாற்பது அடித்தேன். யாரும் கேட்கவில்லை.)

என் மனைவி வசந்தா அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலையில் இருந்தாள். திருச்சியில் சொந்தமாக லேப் வைக்க வேண்டும் என்பது அவளுடைய பல வருஷத் திட்டம். வேண்டிய கருவிகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தாள். வீடு விற்று வரும் பணத்தை நம்பித்தான் அந்த நோட்டே இருந்தது.

விலை போட வந்தவர் வீட்டுத் தரகர் ஹெர் வெபர். (ஹெர் என்றால் நம் ஊர்த் திரு.) சின்னச் சுத்தியால் சுவரைத் தட்டினார், ஜன்னல்களைத் திறந்து மூடினார், கடைசியில் நிலவறைக்கு இறங்கி மூக்கை உறிஞ்சினார். மேலே வந்து சொன்னார்: "தொண்ணூறாயிரம் மார்க் பெறும் வீடு. ஆனால் நிலவறை ஈரமாக இருக்கிறது. பன்னிரண்டாயிரம் கழிக்க வேண்டும்."

அவர் போனதும் வசந்தா நோட்டை என் முன்னால் வைத்தாள்.

"பன்னிரண்டாயிரம் போச்சுன்னா மைக்ராஸ்கோப் போச்சு, சென்ட்ரிஃப்யூஜ் போச்சு. அப்புறம் லேப்ல நானும் ஒரு நாற்காலியும்தான் இருப்போம். ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. நீங்கதானே தண்ணி டாக்டர்."

அது நிலத்தடி நீரின் சிக்கலான பிரச்சினை, ஆறு மாதம் அளந்து பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றேன். (உண்மையில் நான் கீழே இறங்கவே இல்லை. அங்கே சிலந்திகள் அதிகம்.)

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு வீடு பார்க்க ஒருவரை அழைத்து வருவதாக ஹெர் வெபர் சொல்லியிருந்தார். அன்று வசந்தாவுக்குக் காலை ஷிஃப்ட். கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இரண்டு மணிக்கு வந்துடுவேன். அதுக்குள்ள தரையை நல்லா துடைச்சு வைங்க. துடைங்கன்னா, துடைச்சா போதும்."

நானோ திருச்சிக்காரன். துடைப்பதெல்லாம் தினசரிக் காரியம். விசேஷத்துக்கு வீட்டைக் கழுவித்தான் விடுவார்கள். வாளி வாளியாகத் தண்ணீரை வீசி, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, தென்னந்துடைப்பத்தால் தள்ளினால் எல்லாம் மூலையில் இருக்கும் ஓட்டை வழியாக வெளியே போய்விடும். வீட்டை விற்பதை விடப் பெரிய விசேஷம் என்ன இருக்கிறது? வேட்டியை மடித்துக் கட்டினேன். ஊரிலிருந்து கப்பலில் வந்த துடைப்பத்தை எடுத்தேன். சமையலறையும் நடையும் ஓடு பதித்த தரை. ஆறு வாளி ஊற்றியதும் இடுப்பு வலித்தது. ஒரு டாக்டர் வாளி தூக்குவதாவது என்று, தோட்டத்துக் குழாயைச் சமையலறைத் தண்ணீர்க் குழாயில் மாட்டித் திறந்துவிட்டேன்.

அரை மணி நேரம் பரமானந்தம். பிறகு தண்ணீரைத் தள்ளுவதற்காக ஓட்டையைத் தேடினேன்.

ஓட்டை இல்லை. நாலு மூலையிலும் பார்த்தேன், நாற்காலிகளை நகர்த்திப் பார்த்தேன், அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். ஏழு வருஷம் அந்த வீட்டில் குடியிருந்த எனக்கு, ஜெர்மன் வீட்டுத் தரையில் தண்ணீர் போக ஓட்டை வைக்க மாட்டார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. வாசல் பக்கம் தள்ளலாம் என்றால், குளிர் வராமல் இருக்க நிலைப்படியை உயரமாகக் கட்டியிருந்தார்கள். இடதுபுறம் ஹால். அங்கே ஹெர் வெபர் மண்டியிட்டுத் தடவிப் பார்த்து மெச்சிய ஓக் மரத்தரை. சோப்பு நுரை அதை நோக்கி நிதானமாக நகர்ந்துகொண்டிருந்தது.

மேலே போட்டிருந்த துண்டை எடுத்து ஹால் வாசலில் அணை கட்டினேன். ஐந்து வருஷப் படிப்பில் நான் கட்டிய ஒரே அணை அதுதான். அது உடைவதற்குள் வலதுபுறம் இருந்த நிலவறைக் கதவைத் திறந்துவிட்டேன். ஏற்கெனவே ஈரமான இடம்தானே, இன்னும் கொஞ்சம் ஈரமானால் என்ன என்பது என் வாதம். தண்ணீர் படிப்படியாக இறங்கிய அழகைச் சற்று நேரம் நின்று ரசித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். குழாயை மூட வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

அதை மூடியது இரண்டு மணிக்கு வந்த வசந்தா. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நிலவறைப் படியில் நின்று கீழே பார்த்தாள். தாழ்வான பக்கத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். உருளைக்கிழங்குகள் அடியில் உருண்டுகொண்டிருந்தன. அட்டைப்பெட்டி ஊறிப் பிய்ந்து, என் நாற்பது புத்தகங்களும் வெளியே வந்து மிதந்தன. ஆழமில்லாத தண்ணீரைப் பற்றிய புத்தகங்கள் ஆழமில்லாத தண்ணீரில்.

"நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"துடைக்கச் சொன்னே."

அவள் அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அந்த நோட்டு என் கண் முன்னால் வந்து நின்றது. வாளியை எடுத்து இறைக்கப் போனேன்.

"கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள். "உங்க புக் எங்கே போகுதுன்னு பாருங்க."

பார்த்தேன். புத்தகங்கள் ஒவ்வொன்றாக ஒரே திசையில் மெதுவாக நகர்ந்தன. மூலையில் பழைய நிலக்கரிக் குவியல் ஒன்று இருந்தது. வீட்டுக்கு எண்ணெய்க் கணப்பு வந்த பிறகு அந்த அம்மாள் அப்படியே விட்டுப்போனது. நாங்களும் தொடவில்லை. முதல் புத்தகம் அதன் அருகே போய் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதிய எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை. ரத்தம் சோதிக்கிறவளுக்கு விளங்கியது.

"தண்ணி அங்கேதான் போகப் பார்க்குது. கரியை எடுங்க, அடியில ஏதோ இருக்கு."

இரண்டு பேரும் கையால் அள்ளி எறிந்தோம். அடியில் ஓர் இரும்புச் சல்லடை, கிட்டத்தட்ட முழுக்கக் கரித்தூள் அடைத்துக் கிடந்தது. வசந்தா தென்னந்துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக் குத்தினாள். கடகடவென்று ஒரு சத்தம். பத்தே நிமிஷத்தில் நிலவறை காலி. மழைத் தண்ணீர் சுவரோரம் கசிந்து வந்து, வெளியே போக வழியில்லாமல் அத்தனை வருஷமாக அங்கேயே தங்கியிருந்திருக்கிறது. ஓட்டை இல்லாத வீடு என்று நான் திட்டிக்கொண்டிருந்த வீட்டில் ஓட்டை இருந்தது. அதன் மேல்தான் கரியைக் கொட்டியிருந்தார்கள்.

அப்போது அழைப்பு மணி அடித்தது. மூன்று மணி. ஜெர்மனியில் மூன்று என்றால் மூன்றுதான்.

மடித்துக் கட்டிய வேட்டி, முழங்கால்வரை கரி, மார்பில் சோப்பு நுரை. இந்தக் கோலத்தில் நான் கதவைத் திறந்தேன். வெளியே ஹெர் வெபர், அவருக்குப் பின்னால் பெரிய மீசையோடு ஒரு பேக்கரிக்காரர், ஹெர் லாங். குழாய் வெடித்துவிட்டது என்று ஒரு பொய்யை நான் தயார் செய்வதற்குள் வசந்தா முன்னால் வந்து ஜெர்மனில் சொன்னாள்:

"என் கணவர் வீட்டைக் கழுவினார். தண்ணீர் முழுவதும் நிலவறைக்குள் போய்விட்டது. வந்து பாருங்கள்."

ஹெர் வெபர் கண்ணை மூடிக்கொண்டார். பேக்கரிக்காரர் இறங்கி வந்தார். சல்லடை, கரி, நடந்த கதை எல்லாவற்றையும் வசந்தா ஒளிக்காமல் சொன்னாள். சுவர் காய ஒரு கோடைக்காலம் ஆகும் என்பதையும் சொன்னாள். (நான் அவள் முழங்கையை இடித்தேன். பலன் இல்லை.)

ஹெர் லாங் கோட்டைக் கழற்றிப் படிக் கைப்பிடியில் மாட்டினார். "இன்னொரு முறை பார்க்கலாமா?"

குழாயை அவர் கையிலேயே கொடுத்தோம். ஒரு கையில் குழாய், மறு கையில் கடிகாரம். கால் மணி நேரம் விட்டார். தண்ணீர் ஓடி வந்து, எங்கும் நிற்காமல் சல்லடைக்குள் போய்க்கொண்டே இருந்தது. அவர் மீசை மெல்ல விரிந்தது.

"இதுவரை பதினோரு வீடு பார்த்துவிட்டேன்," என்றார். "எல்லாரும் நிலவறை ஈரமில்லை என்று வாயால் சொன்னார்கள். நீங்கள்தான் தண்ணீர் விட்டுக் காட்டினீர்கள். என்ன விலை?"

ஹெர் வெபர் வாயைத் திறந்தார். நானும் எண்பத்தைந்து என்று சொல்லத் திறந்தேன்.

"தொண்ணூறாயிரம்," என்றாள் வசந்தா.

"சரி," என்று பேக்கரிக்காரர் கையை நீட்டினார். கரி படிந்த கையாலேயே குலுக்கினாள். ஹெர் வெபர் பென்சிலை எடுத்து, தன் தாளில் அந்தப் பன்னிரண்டாயிரத்தை அடித்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான பென்சில் சத்தத்தை நான் கேட்டதில்லை.

போகும்போது பேக்கரிக்காரர் குனிந்து ஒரு நனைந்த புத்தகத்தை எடுத்தார். "இது என்ன?"

"தண்ணீர் எப்படி வழி கண்டுபிடித்துப் போகிறது என்பது பற்றி இவர் எழுதியது," என்றாள் வசந்தா, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மரியாதையாக, "ஹெர் டாக்டர், ஒரு கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா?" என்றார். போட்டேன், மை ஓடியது. என் புத்தகத்தைக் கேட்டு வாங்கிய ஒரே மனிதர் அவர்தான்.

வசந்தாவின் லேப்பில் மைக்ராஸ்கோப்பும் வந்தது, சென்ட்ரிஃப்யூஜும் வந்தது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பேக்கரிக்காரரிடமிருந்து ஒரு கார்டு வரும். அதில் எப்போதும் ஒரே வரி: 'நிலவறை காய்ந்திருக்கிறது.' அதை அவள் லேப்பில் எல்லாருக்கும் கேட்கும்படி படிப்பாள்.

பின்னால் திருச்சியில் வீடு கட்டியபோது கொத்தனார் என்னிடம் வந்து, "சார், தண்ணி போற ஓட்டையை எந்த மூலைல வைக்கட்டும்?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, சரிவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

"அவரைக் கேக்காதீங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அவர் புக்கை மிதக்க விடுங்க. அது போய் நிக்கிற இடத்துல வைங்க."

இன்றைக்கும் என் வீட்டில் நான் எதைப் பற்றியாவது கருத்துச் சொல்ல வாயெடுத்தால், மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்கள்: "இருங்க, முதல்ல புக்கை மிதக்க விடுவோம்." அதற்காகவே வசந்தா ஒரு பிரதியை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். விரித்தால் கரி வாசனை வருகிறது.