ஏழு நாள் தாரை

மனிதன் கோர்ட்டில் பொய் சொல்வான், கோயிலில் பொய் சொல்வான். ஆனால் வயிற்றைப் பற்றிச் சொல்லும் பொய்க்கு ஈடு கிடையாது. பத்திரப் பதிவு ஆபீசில் முப்பது வருஷம் உட்கார்ந்து, எந்தப் பத்திரத்துக்கு எத்தனை சாட்சி, எந்த விரலில் ரேகை என்று ஊருக்கு விதி சொன்னவன் நான். சொந்த விஷயத்தில் செய்த மோசடியை இப்போதுதான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன். (சாட்சிகளில் ஒருத்தி மட்டும் மிச்சம். அடுத்த அறையில் இருக்கிறாள்.)

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம். ஆற்காட்டுப் பக்கம் குமாஸ்தா உத்தியோகம். மனைவி கோமதி தென்காசியில் பிறந்த வீட்டிலேயே இருந்தாள். மாமனார் அனுப்பவில்லை. "அந்த வறண்ட சீமைக்கா? மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் பொறுப்பு வரட்டும்" என்று பங்குனியைத் தள்ளினார், வைகாசியைத் தள்ளினார். ஆடி பிறந்துவிட்டால் புதுப்பெண்ணை அனுப்பவே மாட்டார்கள். ஆகவே ஆனியில் இரண்டு வாரம் லீவு போட்டுக்கொண்டு, சம்மதம் வாங்காமல் திரும்புவதில்லை என்று ரயில் ஏறினேன்.

சாரல் காலம். குடும்பமே குற்றாலத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தது. மாமனார் மகா சுத்தக்காரர். பிறர் குடித்த டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தாலும் தொடமாட்டார். அருவியில்கூட, அடுத்தவர் முதுகில் பட்ட தண்ணீர் தெறிக்கும் என்று ஓரமாகத்தான் நிற்பார்.

அந்த வீட்டின் கக்கூஸ் தோட்டத்துக் கடைசியில், பலா மரத்துக்கு அப்பால் இருந்தது. பெண்கள் உட்கார்ந்திருக்கும் பின்கட்டைக் கடந்துதான் போகவேண்டும். முதல் நாள் காலையில் நைசாகச் செம்பை எடுத்தேன். மாமியார் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, எல்லாரும் உள்ள போங்க! மாப்பிள்ளை கொல்லைக்குப் போறாவ!"

பெண்கள் எழுந்து ஓடினார்கள். ஒருத்தி வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். கோமதியின் அண்ணன் சங்கரலிங்கம் குடை பிடித்துக் கதவு வரை கொண்டுவிட்டு, சாரலில் வெளியிலேயே நின்றார். "மெதுவா இருங்க மாப்ள. அவசரம் ஒண்ணும் இல்ல" என்று தைரியம் வேறு சொன்னார். போனபடியே திரும்பினேன்.

"ஆச்சா?" என்றார் மாமியார்.

"ஆச்சு" என்றேன்.

அதன்பிறகு நான்கு நாள் செம்பைத் தொடவில்லை. ஆனால் இலை மட்டும் நாளுக்கு மூன்று முறை விழுந்தது. சொதி, அவியல், உளுந்தங்களி, தேனில் தோய்த்த பலாச்சுளை. எல்லாம் உள்ளே போயின. வெளியேறியதாகப் பதிவு இல்லை.

என் டிரங்குப் பெட்டியில் ஒரு எனிமா டப்பா இருந்தது. (இயற்கை வைத்தியப் புத்தகம் ஒன்றைப் படித்து, சகல வியாதியும் குடலில்தான் குடியிருக்கிறது என்று நம்பிப் பட்டணத்தில் வாங்கியது.) நீல விளிம்பு போட்ட வெள்ளை எனாமல் டப்பா, அடியில் ரப்பர் குழாய், குழாய் நுனியில் திருகு வைத்த கறுப்பு முனை. ஐந்தாம் நாள் காலை, தலைவலி என்று சொல்லி, எல்லோரையும் அருவிக்கு அனுப்பினேன். குளியலறை ஆணியில் டப்பாவை மாட்டினேன். வெதுவெதுப்பான தண்ணீர், இடப்பக்கமாக ஒருக்களித்த படுக்கை, எல்லாம் புத்தகத்தின்படி. தண்ணீரை உள்ளே நிறுத்தி நூறு எண்ண வேண்டும். நாற்பத்திரண்டில் பலா மரத்தை நோக்கி ஓடினேன். (மேற்கொண்டு விவரம் ஆவணத்தில் சேர்க்கத் தக்கதல்ல.)

பிறகு டப்பாவையும் குழாயையும் சோப்புப் போட்டு, கொதிக்கிற தண்ணீரில் மூன்று தடவை அலசி, குளியலறைக்குப் பின்னால் கொய்யா மரத்தில் காயத் தொங்கவிட்டேன். உடம்பு பஞ்சாகிவிட்டது. படுத்ததும் தூங்கிப்போனேன். அங்கேதான் விதியை மீறினேன். தடயத்தை மரத்தில் தொங்கவிட்டுவிட்டு எவனாவது தூங்குவானா?

கூடத்தில் பேச்சுக் குரல் கேட்டு விழித்தேன். மாமனாருக்கு நெடுநாளாகத் தூக்கம் கிடையாது. செங்கோட்டைக்கு அப்பாலிருந்து ஒரு மலையாளத்து வைத்தியர் வந்து, அன்று தாரை வைப்பதாக ஏற்பாடு. மல்லாந்து படுக்க வைத்து, மேலே தொங்கும், துளைபோட்டுத் திரி செருகிய சட்டியிலிருந்து இளஞ்சூடான எண்ணெயை நெற்றியில் நூல் பிடித்தாற்போல ஒரு மணி நேரம் ஒழுகவிடுவார்கள். அந்தச் சட்டியைத் தூக்கி வந்த சங்கரலிங்கம் பாசியில் வழுக்கி அதை உடைத்துவிட்டார். மாற்றுப் பாத்திரம் தேடித் தோட்டத்துக்குப் போயிருக்கிறார்.

நான் கூடத்துக்கு வந்தபோது மாமனார் பெஞ்சில் கோவணத்தோடு மல்லாந்திருந்தார். அவர் தலைக்கு மேலே, ஊஞ்சல் கொக்கியில், என் டப்பா. கறுப்பு முனை அவர் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது கொள்ளாம்!" என்று மெச்சினார் வைத்தியர். "திருகினா கூடும், திருகினா குறையும். சட்டியும் திரியும் இனி எதுக்கு?"

"கொய்யா மரத்துல தொங்குச்சு மாப்ள" என்றார் சங்கரலிங்கம். "ஒங்களுதா? எதுக்குள்ளது இது?"

வைத்தியர் விரல் திருகின்மேல் இருந்தது. எண்ணெய் இன்னும் விழவில்லை. சொல்வதற்கு எனக்கு நேரம் இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் என்னை உறுத்துவது அந்த நேரம்தான். கதவுக்குப் பின்னால் கோமதியின் சேலை நுனி தெரிந்தது. உண்மையைச் சொன்னால் இந்த ஆனி அல்ல, எந்த ஆனியிலும் அவளை அனுப்பமாட்டார்கள்.

"இதுக்குத்தான்" என்றேன். "மாமாவுக்குத் தூக்கமில்லைன்னு கோமதி கடுதாசி போட்டிருந்தா. பட்டணத்துல வாங்கினேன்."

மாமனார் கண்ணைத் திறந்தார். "எனக்குன்னே வாங்கினீங்களா?"

"ஆமா மாமா."

"சுத்தந்தானே? ஒருத்தரும் தொடலியே?"

"மூணு தடவை கொதிதண்ணில கழுவியிருக்கேன்." (இது மட்டும் சத்தியம்.)

வைத்தியர் திருகினார். எண்ணெய் விழுந்தது. கால் மணியில் மாமனார் குறட்டை விட்டார். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தாரை ஒரு நாளோடு முடிகிற சமாசாரம் அல்ல, ஏழு நாள். மறுநாளிலிருந்து, "மாப்பிள்ளை கையாலதான் தொறக்கணும்" என்று உத்தரவாயிற்று. நானே திருகினேன். மூன்றாம் நாள் மாமனார் உதட்டோரம் வழிந்ததை நாக்கால் தொட்டுப் பார்த்து, "நயம் எண்ணெய்" என்றார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கினதற்கோ வழி இல்லை. டப்பா மாமனார் உபயோகத்தில் இருந்ததே! செம்பு, அறிவிப்பு, குடை, சங்கரலிங்கம் என்று சகல மரியாதையோடும் பலா மரத்துக்குப் போய்வந்தேன். அதுதான் தண்டனை என்று அப்போது எண்ணிக்கொண்டேன். போதாது.

ஏழாம் நாள் மாமனார் எழுந்து உட்கார்ந்து, சங்கரலிங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்: "பெத்த பிள்ளைக்குத் தோணல, ஒங்களுக்குத் தோணிச்சு. கோமதியக் கூட்டிட்டுப் போங்க." இத்தனை நாளும் எனக்காகக் குடை பிடித்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அதைவிடக் கீழே குனிந்தேன்.

ரயிலில் கோமதி மெதுவாகச் சொன்னாள்: "அது எதுக்குள்ளதுன்னு எனக்குத் தெரியும். எங்க டீச்சரம்மா வீட்டுல பாத்திருக்கேன்."

"பின்னே ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நான் இன்னும் பின்கட்டுலல்லா இருப்பேன்!"

டப்பா மாமனாரிடமே தங்கியது. வருஷந்தோறும் சாரலுக்குத் தாரை. யுத்த காலத்தில் அவருக்குக் குடலிறக்கம் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் ஒரு தள்ளுவண்டியோடு வந்தாள். அதில் வெள்ளை எனாமல், நீல விளிம்பு, ரப்பர் குழாய்.

மாமனார் முகம் மலர்ந்தது. "வாம்மா. இங்கனயும் தாரை உண்டா?" மல்லாந்து படுத்து நெற்றியைக் காட்டினார்.

"திரும்பிப் படுங்க ஐயா" என்றாள் நர்ஸ்.

"திரும்பினா எப்பிடித் தலையில விழும்?"

அவள் விளக்கினாள். விவரம் தெரிந்தவள், ஒன்றையும் விடவில்லை. மாமனார் டப்பாவைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். முனையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். திரும்பிப் படுத்தார். அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஏழு நாளுல்லா, மாப்பிள்ளை. அதுவும் முதல் வருசம் மட்டும்."

அதற்குப்பிறகு ஒரு வருஷம் அவர் என்னோடு பேசவில்லை. அந்தக் கணக்கையும் சேர்த்து சங்கரலிங்கம் ஊரெல்லாம் பேசித் தீர்த்தார். அவருக்கு அந்த உரிமை உண்டு.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்த மாப்பிள்ளையும் நிம்மதியாக ஒரு பொருள் வாங்கி வந்துவிட முடியாது. போன பொங்கலுக்கு என் மகளின் கணவர் ஆசையாக ஒரு ஃப்ளாஸ்க் வாங்கி வந்தார். கோமதி அதை வாங்கி மேலும் கீழும் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. இது எந்தப் பக்கத்துக்கு?"

வீடே சிரித்தது. நான் எழுந்து கொல்லைப் பக்கம் போனேன். இப்போதெல்லாம் யாரும் குடை பிடிப்பதில்லை.