ஆம் எனில் ஒன்றை அழுத்தவும்

வாஷிங் மெஷின் கதவு திறக்க மறுத்தபோது மணி பதினொன்று. உள்ளே நூலகரின் மனைவியுடைய இரண்டு நர்ஸ் சீருடைகளும் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. இரண்டு மணிக்கு அவளுக்கு டியூட்டி.

"ஏங்க, நான் நைட்டியோட போயா ஊசி போடறது?" என்றாள்.

நூலகத்தில் யாராவது பேனாவைக் கீழே போட்டால்கூட நிமிர்ந்து பார்த்து உதட்டில் விரல் வைக்கிறவர் அவர். அங்கே விழுங்கிய சத்தத்தையெல்லாம் வீட்டில்தான் வெளியே விடுவார். கம்பெனியின் உதவி எண்ணை அழுத்தினார்.

"வணக்கம். நான் உங்கள் கணினி உதவியாளர். என்ன பிரச்சினை?" என்றது தேன்குரல் ஒன்று.

சொன்னார்.

"கதவு மூடவில்லை. சரியா?"

"திறக்கல."

"கதவு திறந்தே இருக்கிறது. சரியா?"

நூலகருக்குப் பொறி கலங்கியது. மரமண்டை என்று தொடங்கியவர், நூலகத்தில் எந்த அலமாரியிலும் இல்லாத சொற்களில் போய் முடித்தார்.

"உங்கள் புகார் பதிவானது. நன்றி," என்றது குரல், கொஞ்சமும் வாடாமல்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "பாவம்ப்பா அது."

"அது மெஷின் கண்ணு. அதுக்கு என்ன தெரியும்?"

"பக்கத்து வீட்டு நாய்க்குக் கவலை இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நாய் கண்ணைப் பார்த்தாலே தெரியுமே."

"இதுக்குக் கண் இல்ல. அதனால திட்டலாமா?"

அவர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வலிக்குமா வலிக்காதான்னு தெரியலேன்னா, வலிக்கும்னு வச்சுக்கறதுதானே நல்லது?" என்று மகள் ஒரு குத்து சேர்த்துக் குத்தினாள். நூலகர் மறுபடி அழைத்தார்.

"மன்னிச்சுக்கம்மா. தப்பு என்னுதுதான்."

"தவறு வாடிக்கையாளருடையது எனப் பதிவானது. உங்கள் புகார் நீக்கப்பட்டது."

"ஐயோ, அந்தத் தப்பு இல்லம்மா." பல்லைக் கடித்துக்கொண்டு குரலைக் குழைத்தார். "காலையிலேருந்து ஓயாம பேசறே. சாப்பிட்டியா?"

"உணவு தொடர்பான அழைப்பு ஃப்ரிட்ஜ் பிரிவுக்கு மாற்றப்படுகிறது."

ஃப்ரிட்ஜ் பிரிவில் பதினைந்து நிமிடம் வீணை வாசித்தார்கள். பிறகு அதே தேன்குரல் வந்து, வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்க்க எட்டு நாளில் ஆள் வரும் என்றது.

"என்னைக்காவது என்னைச் சாப்பிட்டியான்னு கேட்டிருக்கீங்களா?" என்றாள் மனைவி. மணி பன்னிரண்டு.

அதோடு நூலகரின் கருணை வற்றிப்போனது. மூன்றாம் முறை அழைத்து, மூச்சு விடாமல் மூன்று நிமிடம் திட்டினார். கடைசியில், "உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?" என்று கேட்டார்.

"ஆம் எனில் ஒன்றை அழுத்தவும். இல்லை எனில் இரண்டை அழுத்தவும்."

அவர் விரல் இரண்டுக்குப் போனது. மகள் எட்டி ஒன்றை அழுத்திவிட்டாள்.

"நன்றி. உங்கள் அவசரப் புகார் பணியாளருக்கு அனுப்பப்பட்டது."

முக்கால் மணி நேரத்தில் மெக்கானிக் வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. தட்டு ஒன்றை வைத்துத் தண்ணீரை வடித்தார். மெஷினுக்கு அடியில் கைவிட்டு கதவுப் பூட்டை விடுவிக்கும் ஒரு சின்ன வாரை இழுத்தார். கதவு திறந்துகொண்டது. மனைவி சீருடையைப் பிழிந்துகொண்டு இஸ்திரிப் பெட்டியைத் தேடி ஓடினாள்.

நூலகருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வாதத்தில் ஜெயித்த தெம்பும் வந்தது. மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"பாத்தியா? மன்னிப்புக் கேட்டேன், ஃப்ரிட்ஜுக்கு அனுப்புச்சு. திட்டினேன், ஆளை அனுப்புச்சு. அவ்வளவு பேசியும் அதுக்கு ஏதாவது உறைச்சுதா? மெஷினைத் திட்டினா யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்ல கண்ணு."

மகள் மெக்கானிக்கைப் பார்த்தாள். அவர் ஸ்பானரைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"அதுக்கு உறைக்காதுதான் சார்," என்றார் மெதுவாக. "நீங்க பேசினதை ஒரு எழுத்து விடாம எழுதி என் போனுக்கு அனுப்பிடும், நான் முழுசாப் படிச்சுட்டுத்தான் வீட்டுக்குள்ள கால் வைக்கணும்."